சிரிப்பு நின்ற நாளிலிருந்து எண்ணச் சொன்னவருக்கு

அறிவில் தெளிவும், சொல்லில் சுருக்கமும், சினத்திலும் சிதையாத கனிவும் கொண்ட எங்கள் புகார்ப் பிரிவின் கண்காணிப்பாளரே! வந்தவரை முதலில் உட்காரச் சொன்னவரே! உட்கார்ந்தவர் பேசும்வரை பொறுத்திருந்தவரே! மன்றத் தலைவர் முதல் வாசல் காவலர் வரை, வயது வித்தியாசம் பாராமல் எல்லோரும் "அக்கா" என்றே அழைத்த அன்பின் வடிவே! பணி நிறைவு காணும் இந்நன்னாளில், உங்கள் மேசையைச் சுற்றி மேசை போட்டு வளர்ந்த நாங்கள் எழுந்து நின்று வணங்குகிறோம்!

எங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறதென்று கேட்டால் பலருக்குத் தெரியாது. டயர் கடைக்கு மேலே, லிஃப்ட் பாதி நாள் ஓய்வெடுக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடி என்று சொல்ல வேண்டும். மனம் நொந்த ஒருவர் ஆலோசகரைத் தேடிப் போகிறார். அந்த ஆலோசகரே அவரை நோகடித்துவிட்டால் போய்ச் சொல்ல ஓர் இடம் வேண்டும் அல்லவா? அந்த இடம்தான் மனநல வல்லுநர் ஒழுங்கு மன்றம். அதன் கதவு எங்கள் பிரிவு. அந்தக் கதவு இத்தனை ஆண்டுகளாகத் திறந்தே இருந்ததற்குக் காரணம் நீங்கள்!

இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, அக்கா. காற்று அடிக்கும்போதெல்லாம் படீரென்று சாத்திக்கொள்ளும் கதவு அது. நீங்கள் பொறுப்பேற்றபோது உங்கள் மேசையில் கட்டைப் பிடி போட்ட ஒரு பெரிய ரப்பர் முத்திரை இருந்தது. "காலாவதி" என்பது அதன் ஒரே சொல். தவறு நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வராத புகார்களின் நெற்றியில் அதைச் சிவப்பு மையில் குத்தித் திருப்பி அனுப்புவது அன்றைய வழக்கம். நீங்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள். "காலாவதிங்கறது பால் பாக்கெட்டுக்குப் போடுறதுப்பா. ஆளு எதிர்ல நிக்கிறாங்க, அவங்க மூஞ்சியில போடலாமா?" என்றீர்கள். பிறகு குனிந்து அதைக் கதவின் அடியில் செருகினீர்கள். கதவு அசையவில்லை. இன்றுவரை அசையவில்லை!

கதவுக்கு முட்டுக் கொடுத்தீர்களே தவிர, விதியை மாற்றும் அதிகாரம் அப்போது உங்களிடம் இல்லை. காலம் கடந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டியிருந்தது. அனுப்பிய ஒவ்வொரு முறையும் அன்று முழுக்க நீங்கள் தேநீரை ஆறவிட்டே குடித்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

படிக்கட்டில் ஓடிய பெருந்தகையே!

ஒரு நீச்சல் பயிற்சியாளர் நம் கதவைத் தாண்டி வந்த காலை எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவரைப் பற்றி இங்கே சொல்ல அவரிடமே அனுமதி கேட்டோம். "என் பேரு வேணாம். ஆனா அக்கா ஓடி வந்தாங்களே, அதைக் கட்டாயம் சொல்லணும்" என்பது அவர் போட்ட நிபந்தனை. சொல்கிறோம்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே, "நடந்து ரொம்ப வருஷம் ஆயிடுச்சுங்க. இப்ப வந்து சொன்னா எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டார் அவர். நீங்கள் எல்லோரிடமும் சொல்லும் அதே வாசகத்தைச் சொன்னீர்கள்: "நடந்ததை நீங்க சொல்லுங்க. நாளை நாங்க பாத்துக்கறோம்." நாட்களை எண்ணும் வேலை எங்களுடையது, உங்களுடையது அல்ல என்பது அதன் பொருள். அவரோ, "சரிங்க, அப்ப நாளைக்கே வர்றேன்" என்று எழுந்து, கும்பிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்!

திகைத்துப் போனது ஒரு நொடிதான். மறு நொடியே, லிஃப்டை நம்பாமல், ஒற்றைச் செருப்போடு மூன்று மாடி இறங்கி ஓடினீர்கள். டயர் கடை வாசலில் அவரைப் பிடித்து, மூச்சு வாங்க, "அய்யோ, நாளைன்னா நாளைக்கு இல்லம்மா! நாள், நாள்! எண்ணுற நாள்!" என்று விரல்களை மடக்கிக் காட்டினீர்கள். டயர் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, "அக்கா, ஆபீஸ்காரங்க வாயில 'நாளை'ன்னு வந்தா ஊரே போயிட்டு நாளைக்கு வான்னுதானே எடுத்துக்கும்?" என்றார். அந்தப் பயிற்சியாளர் சிரித்துவிட்டார். சிரித்தவர் அழுதார். அழுது முடித்து உங்களோடு மேலே ஏறி வந்தார்.

அவர் சொன்னது இதுதான். உறக்கம் வராமல் தவித்த நாட்களில் பெயர்பெற்ற ஓர் ஆலோசகரிடம் போயிருக்கிறார். "உன் அக்காதான் உன் நோய்" என்றிருக்கிறார் ஆலோசகர். அம்மாவுக்கு அம்மாவாக வளர்த்த அக்காவோடு பேச்சை நிறுத்தினார் இவர். பிறகு, "பொறுப்புப் பயிற்சி" என்ற பெயரில் அந்த ஆலோசகரின் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவும், வீட்டைத் துடைக்கவும், அவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கவும் சொல்லப்பட்டார். சிகிச்சை என்று நம்பிச் செய்தார். எல்லாம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, குளக்கரையில் உடன் வேலை செய்யும் தோழியிடம் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறார். தோழி சிரிக்கவில்லை. "இது வைத்தியம் இல்லடி" என்று மட்டும் சொன்னாராம். தண்ணீரில் கால் நனைய உட்கார்ந்திருந்தவருக்கு அந்த ஒரு நொடியில் குளமே சில்லிட்டுப் போனதாம்.

வாதத்தில் வாகை சூடிய வல்லமையே!

புகாரை ஏற்பதா, காலம் கடந்ததென்று தள்ளுவதா என்று மன்றம் முடிவு செய்ய இருந்த அன்று, விசாரணைக் கூடத்தில் பணயமாக இருந்தது என்ன என்பதை நீங்கள் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தீர்கள். "இது தள்ளுபடி ஆயிடுச்சுன்னா இந்தப் பொண்ணு இனி யார்கிட்டயும் வாய் திறக்காது. அந்த மனுஷன் நாளைக்கும் ஒருத்தங்களை உக்கார வச்சு, உன் அக்காதான் நோய்ம்பாரு." எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரே ஒரு கேள்விதான் தேவைப்பட்டது: "இதெல்லாம் நடந்தது உங்களுக்கு அப்பவே தெரியும்தானே?"

"தெரியும்ங்க. நடந்தது தெரியும். தப்புன்னுதான் தெரியாது."

"தெரியும்னு அவங்களே சொல்லிட்டாங்க!" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்தது என்று நினைத்தார். அப்போதுதான் நீங்கள் தலைவரிடம் அனுமதி கேட்டு எழுந்தீர்கள். குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே பேசினீர்கள்.

"ஐயா, மருந்துன்னு சொல்லிக் குடுத்தா கசப்பு தெரியும். விஷம்னு எப்படித் தெரியும்? நம்ம விதியில 'செயல் நிகழ்ந்த நாள்'னு போடலை. 'தவறு நிகழ்ந்த நாள்'னு போட்டிருக்கு. குடுத்தவரே மருந்துன்னு சொல்லிக்கிட்டிருந்த வரைக்கும் இவங்களுக்கு அது தவறாவே நிகழலை. தோழி சிரிக்காம இருந்தாங்களே, அன்னிக்குத்தான் நிகழ்ந்துச்சு. அங்கேருந்து எண்ணுங்க."

"ஒருத்தர் சிரிக்காத நாளையெல்லாம் சட்டத்துல எப்படிம்மா எழுதுறது?" என்றார் வழக்கறிஞர், கொஞ்சம் கேலியாக. பின்வரிசையில் சாட்சி சொல்லக் காத்திருந்த அந்தத் தோழி எழுந்து நின்று, "நான்தாங்க சிரிக்கல. தேதியும் சொல்றேன், எழுதிக்குங்க" என்றார். கூடத்தில் எழுந்த சிரிப்பலை அடங்கச் சற்று நேரமானது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "கதவை இப்படி விரியத் திறந்தா தாத்தா காலத்துப் புகாரெல்லாம் வருமே, அக்கா?" என்று கேட்டார். அவையில் தம்மையறியாமல் அவர் வாயில் "அக்கா" வந்தது அதுவே முதல் முறை. அதற்கு உங்கள் பதில்: "வரட்டும் ஐயா. எண்ணிப் பார்க்கத்தானே நம்மளை உக்கார வச்சிருக்காங்க?"

வென்றீர்கள், அக்கா! புகார் ஏற்கப்பட்டது. முழு விசாரணை நடந்தது. அந்த ஆலோசகரின் உரிமம் பறிக்கப்பட்டது. அடுத்த பொதுக்குழுவிலேயே விதியும் திருத்தப்பட்டது: புகார் தருபவர் தவறென்று அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள், அந்த வல்லுநரின் சிகிச்சையில் இருந்த காலம் கணக்கில் சேராது. இரண்டே வரிகள். அந்த இரண்டு வரிகளின் வழியே அதன் பிறகு எத்தனை பேர் உள்ளே வந்தார்கள்! கடலடியில் வெகுகாலம் கிடந்த மணி ஒன்று யாரோ கயிறு கட்டி இழுக்க மேலே வந்து முதல் முறையாக ஒலிப்பதுபோல, அவர்களின் குரல்கள் நம் சிறிய அறையில் ஒலித்தன.

நடுநிலை தவறாத நல்லறிவே!

கதவைத் திறந்தவர் காவலையும் மறக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்யாவிட்டால் நீங்களே எழுந்து திருத்துவீர்கள். எல்லாம் தெரிந்திருந்தும் சும்மா இருந்துவிட்டு, பார்த்தவர்கள் எல்லாம் மறைந்த பிறகு ஒரு முதிய உளவியலாளர்மீது புகாரோடு ஒருவர் வந்தார். எங்கள் தட்டச்சர் (எதற்கெடுத்தாலும் நிறுத்தக்குறி போடுவதால் நீங்கள் "கமா" என்று பெயர் வைத்தீர்களே, அவரேதான்) "அக்கா, இதையும் எடுத்துக்கலாம், நம்ம விதிதான் மாறிடுச்சே" என்று ஆர்வமாகச் சொன்னார். "கமா, முற்றுப்புள்ளியும் வேணும்ப்பா" என்றீர்கள். "அவரு எதை வச்சுப் பதில் சொல்வாரு? சாட்சி இல்லாம ஒருத்தர் தலைக்கு மேல கத்தியைத் தொங்கவிட்டுக்கிட்டே இருக்கிறதும் நோகடிக்கிறதுதான்." வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, ஏன் முடியாது என்று மறைக்காமல் சொல்லி, வாசல்வரை கூடவே போய் அனுப்பி வைத்தீர்கள். எல்லை வேண்டும், அது எங்கே தொடங்குகிறது என்பதில் நேர்மை வேண்டும் என்று உங்களிடம்தான் கற்றோம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் எங்கள் நன்றி உரியது. "வீட்லயும் இப்படித்தான். 'எப்ப சொன்னே'ன்னு நான் கேட்டா, 'உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது'ன்னு திருப்பிக் கேப்பா. ஒரு சண்டையிலயும் நான் ஜெயிச்சதில்ல" என்று அவர் சற்றுமுன் தேநீர்க் கோப்பையோடு முறையிட்டார். அவருடைய புகார் காலவரம்புக்குள் வந்திருப்பதால் உரிய பரிசீலனைக்கு ஏற்கப்படுகிறது!

மூன்றாவது வரிசையில் ஒரு தங்கையும் அவருடைய அக்காவும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். யாரென்று நாங்கள் சுட்டிக்காட்டப் போவதில்லை. நீங்கள் திரும்பிப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும்.

இன்று காலை இந்தக் கூடத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. பழக்கதோஷத்தில் எல்லோரும் உங்கள் இருக்கையைத் திரும்பிப் பார்த்தோம். நீங்கள் வீட்டில் விழாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தீர்கள். கமா எடுத்தார். "பழைய கதைங்க. இப்ப சொன்னா கேப்பீங்களா?" என்று தயங்கியது மறுமுனையில் ஒரு குரல். கமா ஒரு நிறுத்தக்குறிகூடப் போடாமல் சொன்னார்: "நடந்ததை நீங்க சொல்லுங்க. நாளை நாங்க பாத்துக்கறோம்." உடனே பதறி, "நாளைக்கு இல்லைங்க, இப்பவே சொல்லுங்க, இப்பவே!" என்றும் சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் தெரிந்தது, உங்களிடமிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று. இந்த நன்றி தாமதமாக வருகிறதே என்று தள்ளிவிடாதீர்கள். அறிந்த நாளிலிருந்து எண்ணுங்கள். நீங்கள் மாற்ற வைத்த விதிப்படி இது வரம்புக்குள்தான் இருக்கிறது!

உடல் நலமும் உள்ள நிறைவும் குறையாமல், பேரப்பிள்ளைகளின் வழக்குகளைத் தீர்த்து வைத்துக்கொண்டு, சூடான தேநீரைச் சூடாகவே குடித்து, நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும்! உங்கள் கைப்பட்ட முத்திரை கதவின் அடியிலேயே இருக்கும். அதை அங்கிருந்து எடுக்க எவரையும் விடமாட்டோம்.

இன்று மாலை நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள், அக்கா.

நாளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என்றும் உங்கள் நினைவில் நிமிர்ந்து நிற்கும்,
புகார்ப் பிரிவுப் பணியாளர்கள்,
மூன்றாம் மாடி, திறந்த கதவு