ஜெனலினுக்கு ஓய்வு தேவைப்பட்டது

காலைச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சார். கேட்க அற்ப விஷயமாக இருக்கும். பதினேழு வருடம் நான் வீடு விற்றேன். அதில் பதினான்கு வருடம் ஸ்டியரிங்கில் ஒரு கை, ரொட்டியில் ஒரு கை. உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் முட்டைக்கு ருசி உண்டு என்பதே எனக்குத் தெரிந்தது. இன்று நீங்கள் கொடுத்த சோறும் கருவாடும் நன்றாக இருந்தன. அதனால் நிதானமாகவே சொல்கிறேன். ஒன்றையும் விடமாட்டேன்.

என் பெயர் கிரிசான்தோ இபான்யெஸ். ஆபீஸில் சான்தோ. இந்தச் செபு தீவின் மலைச்சரிவில் கடல் தெரியும் வீடுகளையும் மனைகளையும் விற்கிற ஏஜென்சி எங்களுடையது. நான் நல்ல ஏஜென்ட். ஒருவர் வீட்டுக்குள் நுழைந்ததும் கூரையைப் பார்க்கிறாரா, ஜன்னலைப் பார்க்கிறாரா என்று கவனித்தே அவர் வாங்குவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், மாதிரி வீட்டின் வாசலில் சாவியோடு நின்றேன். பின்னால் புதிதாகக் கல்யாணமான ஜோடி. சாவி கையில் இருக்கிறது, பூட்டு எதிரே இருக்கிறது, ஒன்றை வைத்து இன்னொன்றை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

“திறக்கப் போறீங்களா, இல்ல நாங்க ஜன்னல் வழியா குதிச்சு வரட்டுமா?” என்று அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அந்தப் பையன்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

டாக்டரம்மா பொறுமைசாலி. இதற்குப் பெயர் பர்ன்அவுட் என்றார். இது சோம்பலும் இல்லை, கோழைத்தனமும் இல்லை, எண்ணெய் தீர்ந்த பிறகும் திரி எரிந்துகொண்டிருப்பது மாதிரி என்றார். ஆறு மணிக்கு மேல் போனை அணைத்து வைக்கச் சொன்னார். வாரத்தில் ஒரு நாள் வீட்டை விட்டு நகரக் கூடாது. தினமும் நடக்க வேண்டும். கடைசியாக, “உங்கள எது அரிக்குதுன்னு கண்டுபிடிங்க. அதக் குறைக்கப் பாருங்க. முடியலேன்னா அதை விட்டு விலகிடுங்க” என்றார்.

அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, சார். அதை எழுதிக்கொள்ளுங்கள். விலகு என்றுதான் அவர் சொன்னார். பதினான்கு வருடம் உழைத்து உண்டாக்கிய இடத்தை விட்டு நான் ஏன் விலக வேண்டும் என்று மட்டும் யோசித்தேன்.

அரித்தது எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. புருடென்சியோ லபஸ்டிடா, என் மேலாளர். காலை ஐந்து மணிக்குப் போனில் அவர் குரல்தான் என்னை எழுப்பும். “டேய் சான்தோ, சூரியனே வந்துடுச்சு, உன்னைக் காணோமேடா!” காலைக் கூட்டத்தில் ஒரு பித்தளை மணி இருக்கும். விற்றவர்கள் அடிக்கலாம். அந்த வாரம் விற்காதவர்கள் கூட்டம் முடியும் வரை நிற்க வேண்டும். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நின்றாள். என் மகளின் பள்ளி ஆண்டுவிழாவில் என் போன் பதினோரு தடவை அடித்தது. பதினோராவது தடவை நான் வெளியே போனபோது அவள் மேடையேறிவிட்டாள். பிறகு ஒரு நாள் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி பக்கோலோது நகரத்துக்குப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தாலாவது தெரிந்திருக்கும். போனதையே நான் மறுநாள்தான் கவனித்தேன்.

மருத்துவ விடுப்பில் மூன்றாவது நாள் புருடென்சியோ வீட்டுக்கு வந்தார், கையில் சுட்ட கோழியோடு. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கோழியைத் தன் கையாலேயே பிய்த்து வைத்தார். “ரெஸ்ட் எடுடா. நல்லா எடு. சனிக்கிழமை காலைல மட்டும் வா. மேல அந்த ரெட்டை மனையப் பாத்துடுவோம். ரெண்டே மணி நேரம். அப்புறம் ஒரு மாசம் கூடப் படுத்துக்க.”

போனேன். முந்தின நாள் மழை. சரிவின் விளிம்பில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, வாடிக்கையாளருக்கு அனுப்பத் தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டிருந்தார். படம் எடுத்து முடித்து போனைப் பையில் போடும் வரை காத்திருந்தேன். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் அவர் மார்பில் வைத்துத் தள்ளினேன். சறுக்கி விழுந்தார் என்று அன்றைக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

கீழே போக ஒற்றையடிப் பாதை உண்டு. நான் இறங்கிப் போனபோது அவர் உயிரோடுதான் இருந்தார். தொடை எலும்பு வெளியே வந்திருந்தது. வாயில் ரத்தம் குமிழிட்டது. “சான்தோ... ஆளக் கூப்பிடு...” என்றார். அவருடைய போன் பாறையில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடி உடைந்தும் அடித்தது. எடுத்து அணைத்தேன்.

அந்த அமைதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரு குருவி கத்தியது. பல வருடங்களில் நான் கேட்ட முதல் குருவி அதுதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது நிமிடம் இருக்கும். நடுவில் ஒரு தடவை என்னை “மகனே” என்று கூப்பிட்டார். முன்பு ஒருபோதும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முடிந்துவிடும் என்று பார்த்தேன், ஆனால் அவருக்குக் குரல் திரும்ப வந்தது, பலமாகவே வந்தது. ஒரு கல்லை எடுத்து நெற்றியில் போட்டேன். முதல் தடவை சரியாகப் படவில்லை. இரண்டாவது தடவை பட்டது. பாட்டில் தண்ணீரில் கை கழுவிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

அன்று மதியம் படுத்தவன் மறுநாள் மதியம் எழுந்தேன். ஒரே மாதத்தில் நான்கு கிலோ ஏறினேன். அவர் நாற்காலியை எனக்கே கொடுத்தார்கள். நான் செய்த முதல் வேலை மணியைக் கழற்றியது. இரண்டாவது வேலை, எல்லோருக்கும் புதன்கிழமை விடுமுறை. ஆறு மணிக்கு மேல் வாடிக்கையாளர் போனை யாரும் எடுக்கக் கூடாது. மாடியில் ஒரு சின்ன அறையில் கட்டில் போட்டேன், தலைவலிக்கிறவர்கள் படுக்கலாம். ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை. ஏஜென்ட்டுகள் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நூற்றிருபது பேர் முன்னால் பேசினேன். “நாம அடுத்தவங்களுக்கு வீடு காட்டிக் காட்டி, நம்ம வீட்டுக்கு வழி மறந்துட்டோம்” என்றேன். நிறையப் பேர் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. நடிப்பில்லை, சார்.

ஜெனலின் முதல் வரிசையில் இருந்தாள். எங்கள் ஆபீஸ் ஏஜென்ட், போஹோல் தீவுக்காரி, இருபத்தொன்பது வயது. மற்ற ஏஜென்ட்டுகள் வாடிக்கையாளரைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள், அவள் சமையலறைக்குக் கூட்டிப்போய் அடுப்புப் பக்கத்தில் நிற்க வைப்பாள். நின்றவர்கள் பாதிப் பேர் வாங்கிவிடுவார்கள். அவள் சிரித்தால் மாடி அறை வரைக்கும் கேட்கும். என் மகள் வளர்ந்தால் இப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை. நீங்கள் அப்படிக் கேட்டது எனக்கு வருத்தமாக இருந்தது.

இந்த வருடம் ஜனவரியில் டெல்ஃபின் அவளிடம் வந்தார். முப்பது வருடம் கப்பலில் தலைமை என்ஜினியர். மனைவி இறந்துவிட்டாள், கரையில் ஒரு வீடு வேண்டும். முப்பத்தேழு வீடு பார்த்தார். எதுவும் பிடிக்கவில்லை. “ஏம்மா, உனக்குக் கண்ணு பாக்கறதுக்கா, இல்ல மூஞ்சிக்கு அழகா இருக்கட்டும்னு வெச்சிருக்கியா? இந்தச் சமையக்கட்டுல எங்க கப்பல் பூனை கூட நிக்காது!” என்பார். புதன்கிழமையும் அவள் வீட்டு வாசலுக்கு வந்து ஹாரன் அடிப்பார்.

முதலில் அவள் கேலிதான் செய்தாள். “அவரு வீடு தேடலண்ணே, சண்டைக்கு ஆள் தேடறாரு” என்றாள். மார்ச்சில் கேலி நின்றது. உதட்டில் புண் வந்தது. கார் சாவியை ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தேடினாள். ஒரு நாள் மாடி அறைக் கட்டிலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த முதுகு எனக்குத் தெரிந்த முதுகு.

“டெல்ஃபினை எங்கிட்ட விட்டுடு” என்றேன்.

“வேணாண்ணே. பாவம், தனிக்கட்டை. வீட்டுக்குப் போனா பேச ஆளில்ல. ஒரு வீடு அமைஞ்சுட்டா அடங்கிடுவாரு.”

“நீ அதுக்குள்ள அடங்கிடுவம்மா.”

“நான் ரெண்டு வாரம் அம்மாகிட்டப் போயிட்டு வரேன். தூங்கி, மீன் குழம்பு சாப்பிட்டு, குண்டாகி வரேன். போதுமா?” என்று சிரிக்கப் பார்த்தாள்.

அந்தச் சிரிப்பு வாசல் வரை கூடக் கேட்டிருக்காது. ஊருக்குப் போய் வந்தால் சரியாகிவிடும் என்று அவள் நம்பினாள். திரும்பி வந்தால் அவர் இங்கேயேதானே இருப்பார்?

மே மாதம் திருவிழா வியாழக்கிழமை. மேஸ்திரி, சித்தாள் யாரும் வேலைக்கு வரவில்லை. காலை பத்து மணிக்கு டெல்ஃபினைப் புசாய் மேட்டில் பாதி கட்டிய வீட்டுக்கு நானே கூட்டிப்போனேன். அவருக்கு அது முப்பத்தெட்டாவது வீடு. இரண்டாம் மாடிக்கு ஏறினோம். சுவரோரமாகக் கொத்தனாரின் சம்மட்டி சாய்ந்து நின்றது. எடுத்து ஓரமாக வைப்பது போல எடுத்துக்கொண்டேன்.

அவர் கூரையைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றார்.

“இதெல்லாம் வேணாம் தம்பி. நான் முடிவு பண்ணிட்டேன். அந்தப் பொண்ணு காட்டுச்சே, கொய்யா மரம் வெச்ச வீடு, அதுவே போதும். இப்பதான் கார்ல வரும்போது அவளுக்கு மெசேஜ் போட்டேன். ரொம்பப் படுத்திட்டேன் அவள. வேற ஒண்ணும் இல்ல... வீடு வாங்கிட்டா அப்புறம் யாரு எனக்குக் கதவு திறந்து காட்டப் போறாங்கன்னு ஒரு இது. நேர்ல மன்னிப்புக் கேக்கணும்.”

நான் அவர் பேச்சை முழுவதும் கேட்டேன். அவசரப்படவில்லை. உண்மையைத்தான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் காலையில் முடிவு செய்தவர்கள் சாயங்காலம் மாற்றுவதைப் பதினேழு வருடம் பார்த்தவன் நான். அவள் உடம்பை வைத்து அப்படி ஒரு பந்தயம் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

முதல் அடி தோளில் விழுந்தது. ஏனென்றால் அவர் திரும்பினார். “தம்பி?” என்றார், விலாசம் கேட்பவர் மாதிரி. இரண்டாவது அடியில் தாடை போயிற்று. முட்டி போட்டு, ஒரு கையால் என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டார். கப்பல்காரர் கை, விடுவிக்கக் கஷ்டமாக இருந்தது. அதனால் அந்தக் கையையும் அடிக்க வேண்டியிருந்தது. மொத்தம் எத்தனை என்று நான் எண்ணவில்லை. உங்கள் டாக்டர் ஒன்பது என்றால் ஒன்பதுதான். பாதிக்கு மேல் தேவையே இருந்திருக்காது.

நிமிர்ந்தபோது படிக்கட்டுத் தலைப்பில் ஜெனலின் நின்றாள். வாங்குகிறேன், இப்போது புசாய்க்குப் போகிறேன் என்று அவர் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு, கையெழுத்து வாங்க வேண்டிய காகிதங்களோடு எங்களைத் தேடி வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த காகிதங்கள் ஒவ்வொன்றாக நழுவிப் படியில் விழுந்தன.

“முடிஞ்சுதும்மா. இனிமே வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்கு” என்றேன்.

“அண்ணே... அவரு வாங்கறேன்னு சொல்லிட்டாரே...” என்றாள். பிறகு ஓடினாள். ஒரு செருப்பு படியிலேயே கிடந்தது. கல்லும் முள்ளுமான இடம், ஒற்றைச் செருப்போடு எப்படிப் போவாள் என்று அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உங்கள் ஜீப் வரும் வரை நான் வாசலில்தான் இருந்தேன். நான் எங்கும் ஓடவில்லை என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

புருடென்சியோவைக் கொன்றது நான். டெல்ஃபினைக் கொன்றதும் நான். யாரும் தூண்டவில்லை. நிதானத்தில்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றுதான் மனசை உறுத்துகிறது. நேற்று அடையாளம் காட்ட அவளைக் கூட்டி வந்தீர்களே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தாலும் கதவு திறந்தபோது பார்த்துவிட்டேன். பாதியாகிவிட்டாள். மூன்று வாரமாகத் தூக்கமே இல்லையாம், வேலையையும் விட்டுவிட்டாளாம், கதவைத் தட்டினால் நடுங்குகிறாளாம். உங்கள் பெண் காவலர்தான் சொன்னார். டெல்ஃபின்தான் இப்போது இல்லையே. அப்படியென்றால் வேறு யாரோ அவளைப் போட்டுப் படுத்துகிறார்கள். யார் என்று கொஞ்சம் விசாரித்து எனக்குச் சொல்லுங்கள், சார்.