மாடிக் கயிறு

இடிக்கும் இயந்திரம் சந்து முனைக்கு வந்துவிட்டது. காலை ஒன்பதரை. எங்கள் தண்ணீர் டிரம்மின் மூடி கடகடக்கிறது. பக்கத்து வீடு விழுகிறது. முதலில் செங்கல் உடையும் சத்தம். பிறகு தகரம். பிறகு தூசி.

"பாஹர் நிக்லோ! ஜல்தி!" சீக்கிரம் வெளியேறச் சொல்லிக் காவலர் கத்துகிறார்.

நான் தெருவில் நிற்கிறேன். என் மனைவி செல்லம் உள்ளே இருக்கிறாள். நான் வெளியே கூட்டி வந்துவிட்டேன். திரும்பி நுழைந்துவிட்டாள். காவலர் தடுக்கவில்லை. பார்வையற்றவள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு நேராக நடந்தாள்.

கண் நீரழுத்த நோய். பார்வை போய் வெகுகாலம். தாராவியில் எங்களுக்கு இருந்தது ஓர் அறை, மேலே தகரக் கூரை போட்ட இன்னோர் அறை. ஏற செங்குத்தான இரும்பு ஏணி. பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் கயிறு. சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நான் இருமுறை விழுந்திருக்கிறேன். அவள் விழுந்ததே இல்லை. "ஒங்களுக்குத்தான் லைட்டு வேணும்" என்பாள்.

நான் அரசு அலுவலகத்தில் வீட்டுவசதிக் கோப்புகள் பார்த்து ஓய்வு பெற்றவன். நோட்டீஸ், ஆட்சேபம், மேல்முறையீடு எல்லாம் மனப்பாடம். எங்களுக்கு வந்த நோட்டீஸில் குறை தேடினேன். கிடைக்கவில்லை. விதி வழுவாமல் எங்களை இடித்தார்கள். தொழில்முறையில் பாராட்டத்தான் வேண்டும்.

"ஏட்டி, வெளிய வா! செவரு சாயுது!"

வந்தாள். தலையெல்லாம் தூசி. தோளில் கயிறு. அரிவாள்மணையால் அறுத்திருக்கிறாள்.

செம்பூரில் மாற்று வீடு. ஏழாவது மாடி. பெரிய ஹால். யோகம் என்றார்கள் உறவினர்கள். செல்லம் ஹாலின் நடுவில் நிற்கிறாள். கையை நீட்டுகிறாள். எதுவும் தட்டுப்படவில்லை. இன்னும் நீட்டுகிறாள்.

அவள் பிடித்து நடக்க, கயிற்றைக் கட்டிலில் கட்டிச் சமையலறைப் பக்கம் இழுத்தேன். எட்டவில்லை. ஏணி உயரத்துக்குத்தானே வாங்கியது. புதுக் கயிறு வாங்கி முடிச்சுப் போட்டேன். பழைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். முடிச்சு கையில் பட்டதும் நின்றுவிடுகிறாள்.

"இதுக்கு மேல நம்ம வீடு இல்ல. நீங்களே தண்ணி மோந்து தாங்க."

தினமும் அங்கேதான் நிற்கிறாள்.

இழந்தவை: கீழறை ஒன்று. மேலறை ஒன்று. ஏணி ஒன்று. டிரம் ஒன்று. கூப்பிட்டால் எதிர்வீட்டிலிருந்து பதில் சொன்ன மும்தாஜ் அக்காவின் குரல். உயிர்ச்சேதம் இல்லை என்று பதிவு செய்திருக்கிறார்கள். சரியான பதிவுதான்.

தனியாக நடமாடிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி. அவளை அதில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.