வளையத்துல போட்ட கோடு

வேணாம்ணே, ஊத்தாதீங்க, விடிஞ்சா காட்டுக்குப் போகணும். அட, ஊத்திட்டீங்களா? சரி, ராக்கியாவத் திருப்பிக் குடுத்தா பாவம், குடிச்சுக்கிட்டே சொல்றேன். டொப்ரி அண்ணே, நான் என் மாமனார் மேல கோள் சொல்ல வரல. அதை மொதல்லயே சொல்லிடறேன். நீங்க வேட்டைத் தலைவரு. நாளைக்கு யாரு துப்பாக்கியோட நிக்கணும், எங்க நிக்கணும்னு நீங்கதான் சொல்லப் போறீங்க. அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க பாட்டுக்கு நாய்ங்களுக்கு எலும்பு போட்டுட்டே கேளுங்க.

அந்த வளையம் விஷயந்தான். ஆமா, சிரிங்க. ஊரே சிரிக்குது, நீங்க சிரிச்சா என்ன? காபிக்கடைக்குள்ள கால வெச்சா மின்ச்சோப் பய, வாங்க மலிவு மாப்பிள்ளைங்கறான். வீட்டோட மாப்பிள்ளைன்னாலே இளக்காரம், இதுல மலிவு வேற. நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? மாமனாரோட பேருக்குன்னு கொண்டாடற திருநாளுக்குக் குறி பாக்கற ஸ்கோப்பு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். ஸ்கோப்பு ஒசந்த ஸ்கோப்புதான். அதைத் துப்பாக்கி முதுகுல கவ்விப் பிடிக்குது பாருங்க, அந்த ரெண்டு வளையம், அதை மட்டும் சல்லிசா கெடைக்குதேன்னு வாங்கித் தொலைச்சேன். சனியன வெல குடுத்து வாங்கின கதைதான்.

அன்னியிலேர்ந்து மாமனாரு சுட்டது ஒண்ணும் படல. ஸ்பாஸ் குறி வெச்சா பன்னியே தலையக் காட்டும்னு சொல்வீங்களே, அந்த மனுசன்! போன வேட்டையில நான், மின்ச்சோ, இன்னும் நாலு பேரு சத்தம் போட்டுப் பன்னியக் கலைச்சுக்கிட்டு வர்றோம், இவரு தோட்டா மின்ச்சோ தலைக்கு மேல மரப்பட்டையைச் செதுக்கிட்டுப் போவுது. அவன் உக்காந்தவன் எந்திரிக்கவே இல்ல. நீங்க துப்பாக்கியப் புடுங்கினப்போ அவரு என்ன சொன்னாரு? நான் பாத்தது பன்னிய, இவன் வாங்கின வளையம் நகந்துபோயி தோட்டாவ மின்ச்சோகிட்ட அனுப்பிடுச்சுன்னாரு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தீங்க. நீங்களுந்தாண்ணே.

வீட்டுல ரலிட்சா எங்கூடப் பேசறதில்ல. பேசினா ஒரே பேச்சு, எங்கப்பாவக் கொலைகாரனாக்கப் பாத்தியேங்கறா. எனக்கு வயிறு எரியுது. அதே கடையில, அதே பெட்டியிலேர்ந்து இன்னொரு சோடி வாங்கி என் துப்பாக்கியில மாட்டினேன். எண்ணெய்ப் பசையைச் சாராயத்துல தொடச்சு, திருகெல்லாம் அளவா முடுக்கி, வளையத்துலேர்ந்து ஸ்கோப்பு வரைக்கும் குறுக்கால நெயில் பாலிஷ்ல ஒரு கோடு. ரலிட்சாவோடதுதான், செவப்பு. மயிரிழை நகந்தாலும் கோடு முறிஞ்சிரும், காட்டிக் குடுத்துரும். அப்புறம் நான் அதைப் படுத்தின பாடு இருக்கே! பழைய டயர் மேல போட்டேன். ரப்பர் சுத்தியால அடிச்சேன். ராத்திரி பூரா ஃப்ரீசர்ல இறைச்சியோட கெடந்து காலையில அடுப்புப் பக்கத்துல வேர்த்துச்சு. டிராக்டர் டிரெய்லர்ல கட்டி நம்ம ஊரு ரோட்டுல ஓட்டினேன், அதைவிட என்ன சோதனை வேணும்? கல்லுக்குழியில தோள் வீங்குற வரைக்கும் சுட்டேன். கோடு போட்டது போட்டபடி இருக்கு. சல்லிசு சரக்கா இருந்தாலும் சொன்ன சொல்லு தவறல.

அப்ப எனக்கு என்ன தோணும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கெழவனுக்குக் குறி போச்சு, பழியத் தூக்கி மாப்பிள்ளை தலையில வெக்கறாருன்னு நெனைச்சேன். ஒத்துக்க வெக்காம விடறதில்லைன்னு, மாமா, உங்க துப்பாக்கியிலயே கோடு போடறேன், நீங்களே சுட்டு நீங்களே பாருங்கன்னேன். வாடா பாக்கலாம்னு மீசையத் தடவிட்டாரு.

இன்னிக்குக் காலையில அவரு துப்பாக்கியிலயும் கோடு போட்டுக் கல்லுக்குழிக்குப் போனோம். அவரு சுட்டாரு. பலகையில ஒண்ணும் இல்ல, ஓரத்துல கூட இல்ல. துப்பாக்கிய வாங்கி நான் சுட்டேன். மூணு தோட்டாவும் ஒரு பாட்டில் மூடிக்குள்ள அடங்குது. இப்ப மாட்டினாருடான்னு, கோட்டைப் பாருங்க மாமான்னேன். அவரு குனிஞ்சு பாத்தாரு. பாத்துட்டு, எப்படி வளைஞ்சு கெடக்குது பாரு, நடுவுல முறிஞ்சே போச்சேங்கறாரு.

நானும் பாத்தேண்ணே. கோடு நேரா இருக்கு. அடிக்கோல் வெச்ச மாதிரி.

பொய் சொல்றாருன்னுதான் நெனைச்சேன். கத்தப் போனேன். அதுக்குள்ள அவரு அந்தப் பக்கம் கைய நீட்டி, கரண்டுகாரனுங்களப் பாரு, போஸ்ட்டைக்கூட நேரா நட மாட்டேங்கறானுங்க, நடுவுல வளைஞ்சு நிக்குதுங்கறாரு. சும்மா, பேச்சுவாக்குல. போஸ்ட்டு நட்டமா நிக்குது. அங்க இருந்த இரும்புக் கேட்டு? அதுவும் வளைஞ்சிருக்காம். ஸ்கோப்புக்குள்ள இருக்கற கம்பிகூட நடுவுல நெளியுதாம், அதையும் நாந்தான் கெட்டதா வாங்கிட்டேனாம்.

மனுசன் பொய் சொல்லல. அவருக்குக் கூடம் நெசமாவே கோணலாத்தான் தெரியுது. நேரா எதைப் பாக்கறாரோ அந்த எடம் இல்லாம போயிருக்கு அவருக்கு. ஓரமெல்லாம் தெரியுது, அதான் நடக்கறாரு, தலையச் சாச்சுக்கிட்டே சீட்டுகூட வெளையாடறாரு, நம்ம யாருக்கும் சந்தேகமே வரல.

நான் என்ன சொன்னேனா? ஆமா மாமா, நகந்துருச்சு, நீங்க சொன்னதுதான் சரின்னேன். வேற என்ன சொல்ல? நீங்க அந்த மொகத்தப் பாத்திருக்கணும். நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்லன்னு என் தோளப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறாரு, கண்ணுல தண்ணி. கல்யாணமானதுலேர்ந்து அந்த மனுசன் என்னைத் தொட்டதில்லண்ணே. அப்பத்தான் புரிஞ்சுது, அவரும் உள்ளுக்குள்ள பயந்து செத்துக்கிட்டுதான் இருந்திருக்காரு. மின்ச்சோவ நெனைச்சு நெனைச்சுத் தூங்கியிருக்க மாட்டாரு.

நேரா சொல்லிடறதா? நீங்க சொல்லுங்களேன், சின்ன வயசுலேர்ந்து கூட்டாளிதானே. பாத்தீங்களா, தலைய ஆட்டறீங்க. சொன்னா என்ன செய்வாரு? என் வீட்டுல நின்னுக்கிட்டு என்னையே குருடன்கறியான்னு எந்திரிப்பாரு. டாக்டர்கிட்ட மட்டும் செத்தாலும் போக மாட்டாரு. ஆனா வளையத்தைக் குடுத்த கடைக்காரன் மூஞ்சியில அதை விட்டெறியணும்னு துடிக்கறாரு. அதுக்குத் திங்கக்கெழமை பிளவ்டிவ் டவுனுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். அந்தக் கடைத் தெருவுலயே கண்ணாஸ்பத்திரி இருக்கு. உள்ள எப்படிக் கூட்டிட்டுப் போவேன், தெரியல. கால்ல விழுந்தாவது கூட்டிட்டுப் போவேன். ரலிட்சாகிட்ட அதுக்கப்புறம் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா அவ அழுதே காட்டிக் குடுத்துருவா.

நாளைக்குத்தாண்ணே பயமா இருக்கு. மறுபடியும் நானும் மின்ச்சோவும்தான் கலைக்கப் போறோம். காலையில எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு சட்டதிட்டம் படிப்பீங்கல்ல, கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி, அப்ப என்னைக் கூப்புடுங்க. சோதிச்சுப் பாத்தாச்சு, இவன் வாங்கின வளையம் குப்பை, அது மாட்டின துப்பாக்கி எதுவும் இன்னிக்குக் காட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லிடுங்க. இரவல் துப்பாக்கியும் கெடையாதுன்னு சட்டத்த எடுத்து விடுங்க. ஸ்பாஸ், நீ எங்கூட ஜீப்புல இரு, வயர்லெஸ்ஸப் பாத்துக்கன்னு ஒரு மரியாதையும் பண்ணிடுங்க.

என்னைப் பத்தி என்னண்ணே? எனக்குப் பழக்கந்தான். நல்லாத் திட்டுங்க, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாத் திட்டுங்க. அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது.