படையலில் வைத்த வாட்ச்

பெரியகல்லாற்றில் ஏறிய இரண்டு பெண்கள் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். இளையவள் கையிலிருந்த போனைக் கீழே வைக்கவேயில்லை.

"அக்கா, செத்த மனிசனுக்கு நெஞ்சு துடிக்குமா?"

"என்னகா கதைக்கிறாய்?"

"அண்ணன்ட பழைய வாட்ச் துடிப்பைச் சரியாக் காட்டல்ல எண்டு புதிசு ஒண்டு ஓடர் பண்ணியிருந்தான். அவன் செத்து நாலாம் நாள்தான் அது வந்து சேர்ந்திச்சி. ஆசைப்பட்ட சாமானாச்சே எண்டு எட்டாம் நாள் படையல்ல வெச்சம்."

"பெட்டியோடயா?"

"இல்லக்கா. சார்ஜ் போட்டு, என்ட போனோட இணைச்சுப்போட்டுத்தான் வெச்சன். அறைக் கதவைச் சாத்திப்போட்டு எல்லாரும் வெளிய நிண்டம். கையில இருந்த போன்ல துடிப்பு எழுபத்திரண்டு எண்டு வந்திச்சி."

"உள்ளுக்க ஆரு?"

"ஆருமில்ல. சோறும் கறியும் அந்த வாட்சும்தான்."

"துணி பட்டாலும் அது பிழையாக் காட்டுமாம்."

"வாழையிலையிலதான் கிடந்திச்சி. கதவைத் தட்டித் திறந்தம். உடனே துடிப்பு நிண்டிட்டு."

கல்லடிப் பாலத்தில் பேருந்து மெதுவானது. கீழே வாவியில் ஒரு தோணி அசையாமல் நின்றது.

"மறுகா என்ன நடந்த?"

"அம்மா போனைப் பார்த்தா. கதவைத் திரும்பச் சாத்தச் சொன்னா. சாத்தினதும் மறுபடி எழுபத்திரண்டு."

"இப்ப?"

"மூணு நாளாச்சி. ஒருத்தரையும் திறக்க விடுறா இல்ல. கதவடியிலதான் படுக்கிறா."

இளையவள் போனைத் திருப்பிப் பார்த்தாள்.

"காலையில போன்ல பார்த்தன் அக்கா. வாட்ச்சில சார்ஜ் நாலு வீதம்தான் இருக்கு. அம்மாட்ட இன்னும் சொல்லல்ல."