நாற்பது சிப்பும் ஒரு சோப்பு டப்பாவும்

— "எட்டாவதோட நின்னவளுக்கு சிப்புல புரோகிராம் எழுதுற பெட்டி எதுக்கு?"ன்னு அன்னிக்குக் கேட்டீங்க சித்தப்பா. இப்ப செஞ்சு காட்டுறேன். அந்தச் செத்த சிப் நாப்பதையும் குடுங்க.

— அடேங்கப்பா, ஊமைக்கோட்டான் பேசுது! சோப்பு டப்பாவுல நீ செஞ்சு வச்ச அந்தப் பெட்டிதான் அதுங்களக் கொன்னுச்சு. இந்த மேசைப் பக்கமே வரக்கூடாதுன்னு திங்கக்கிழமையே சொன்னேனா இல்லையா?

— அப்பா, குப்பைக்குப் போறதுதானே. குடுத்துத்தான் பாருங்களேன்.

— நீ இன்ஜினியரு. செத்துப்போச்சுன்னு சொன்னதே நீதான். இப்ப தங்கச்சிக்கு வக்காலத்தா?

— கம்ப்யூட்டர்ல மாட்டினேன், ஒண்ணும் பேசல. அதைத்தான் சொன்னேன். யாரு கொன்னாங்கன்னு சொன்னேனா?

— அதான் அக்கா எனக்கு உறுத்துச்சு. கருகியிருந்தா ஒண்ணு ரெண்டாவது தப்பிச்சிருக்கும். நாப்பதும் ஒரே மாதிரி வாய மூடிக்கிச்சுன்னா, அது சாவு இல்ல. எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கு.

— காத்துக்கிட்டு இருக்காம்! பஸ்ஸுக்கா?

— தாளத்துக்கு, சித்தப்பா. சிப் ஓடணும்னா உள்ள டிக் டிக்னு ஒண்ணு தாளம் போடணும். எழுதும்போது ஒரே ஒரு கட்டத்த மாத்திட்டா, உள்ள இருக்கறத விட்டுட்டு, வெளியிலேருந்து தாளம் வரும்னு உக்காந்துடும். நம்ம தண்ணித்தொட்டி போர்டுல வெளியில தாளம் போட எதுவும் கிடையாது.

— ஐயோ குட்டி, ஆமா! இது எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?

— நீங்க கம்ப்யூட்டரோட இருக்கீங்க அக்கா. நான் ஏணி மேல தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல நின்னு எழுதணும்னு இந்த டப்பாவைச் செஞ்சேன். மூணு நாளா உக்காந்து இதுல இன்னொரு ஒயர் இழுத்திருக்கேன். அந்த ஒயர் தாளம் போடும்.

— போதும் போதும். நாளைக்குக் காலைல விடுதிக்காரன் அவன் போர்டுங்கள வாங்க வந்து நிப்பான். கதை கேக்க நேரமில்ல.

— ஒரே ஒரு சிப் சித்தப்பா. அது எழுந்திரிக்கலன்னா நானே வெளிய போயிடுறேன். எழுந்திருச்சா என் இடம் எனக்கு வேணும்.

— இந்தா, பிடி. சிப்போட கால வளைச்சுடாத.

— குட்டி, லீவர தூக்கு... ம், சரியா உக்காந்துச்சு. பித்தான அமுக்கு.

— அதானே பாத்தேன்! டப்பா திரையில ஒண்ணுமே வரலையே. கிளம்பு கிளம்பு.

— இருங்க. ஒயர் ஆடுது. அக்கா, ஒயர் பத்தவைக்கிற அந்த சால்டரிங் அயர்னக் குடுங்க. சூடா இருக்கா?

— இருக்கு. பாத்து, விரல்!

— இப்ப அமுக்குறேன்.

— அப்பா! அப்பா, திரையப் பாருங்க! பேரு சொல்லுது! சிப் பேரு சொல்லுது!

— ஏதோ... ஒண்ணு குருட்டாம்போக்குல வந்திருக்கும்.

— அடுத்ததக் குடுங்க சித்தப்பா. அதுக்கு அடுத்ததும்.

— ரெண்டு. மூணு. அப்பா, நாலு! குட்டி, அந்தக் கட்டத்துல என்ன இருக்குன்னு படி.

— நாலுலயும் அதே தப்புதான். வெளித்தாளம்னு எழுதியிருக்கு. திருத்திட்டேன், இனிமே சாதாரணமா ஓடும்.

— சரி, உயிர் குடுத்த. சந்தோசம். ஆனா அந்த உயிர எடுத்ததும் நீதானே? உன் டப்பா மாத்தாம வேற எது மாத்தும்?

— என் டப்பா எழுதி முடிச்சா, சிப்போட கடைசி அறையில ஏழுன்னு போடும். எனக்கு அடையாளத்துக்காக வச்சேன். இதுல எதுலயும் ஏழு இல்ல. இதெல்லாம் கம்ப்யூட்டர்ல எழுதினது.

— கம்ப்யூட்டர்லயா? அப்ப நானா? அப்பா, என்னைப் பாக்காதீங்க, நான் தொடல. இரு குட்டி, அது ஒவ்வொரு தடவையும் நாள், நேரம் எல்லாம் குறிச்சு வைக்கும். திறந்தே பாக்குறேன்.

— அதெல்லாம் எதுக்கு இப்ப? வேலை முடிஞ்சுதுல்ல? மிச்சத்தையும் எழுப்புங்க, போதும்.

— முடியல சித்தப்பா. திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் என்னைச் சொன்னீங்க. யாருன்னு எனக்குத் தெரியணும்.

— இதோ இருக்கு. நாப்பது தடவை, வரிசையா. போன ஞாயித்துக்கிழமை, காலைல பத்தே காலுக்கு ஆரம்பிச்சிருக்கு.

— ஞாயித்துக்கிழமையா அக்கா? அன்னிக்குக் கடை பூட்டியில்ல இருந்துச்சு.

— நான் அன்னிக்கு என் மாமியார் வீட்ல இருந்தேன். சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டயுமே கிடையாதே. சாவி இருக்கறது... அப்பா? அப்பா, நில்லுங்க! நீங்கதான் எழுதினீங்களா?... சாவிய அவ டப்பா மேல வச்சுட்டு, இந்த வெயில்ல எங்க போறீங்க?