எரிமலையான் ஐந்தாம் பாகம் ஓடாமல் நின்றது பற்றி கூக்கால் பொன்னுத்தாய் சொன்னது

என் பெயர் பொன்னுத்தாய். வயது 64. கணவர் பெயர் நல்லமுத்து, காலமாகிவிட்டார். கொடைக்கானல் மேல்மலை கூக்கால் கிராமத்தில் குடியிருந்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்துள்ளேன். என் பேத்தி ஷர்மிளா மதுரையில் நர்சுக்குப் படிக்கிறாள் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

நான் கேரட், பூண்டு வெட்டுக்குப் பெண்ணாட்களைக் கூட்டிப்போகும் வேலை செய்து வருகிறேன். முப்பது ஆள் என்று சொன்னால் முப்பது ஆள் காட்டில் நிற்கும். இருபது வருடமாக ஒரு தலை குறைந்ததில்லை.

கொடைக்கானல் தியேட்டர் மேனேஜர் திருமலைச்சாமி இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் வந்து, முதல் நாள் காலைக் காட்சிக்குக் கூட்டம் காட்ட ஆள் வேண்டும் என்று கேட்டார். அதன் பிறகு எரிமலையான் படத்துக்கும், அதற்குப் போட்டியான நீலக்கவசம் படத்துக்கும் மாறி மாறி எட்டுத் தடவை ஆள் கூட்டிப்போனேன். முதல் இரண்டு படத்துக்குப் பெண்கள் விசில் அடித்தார்கள். நாலாவது படத்திலிருந்து தூங்க ஆரம்பித்தார்கள். எந்தப் பறக்கிறவன் எந்தப் படத்துக்காரன் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ஆப்பரேட்டர் சுப்புராஜ், நாங்கள் தூங்குவதைப் பார்த்துவிட்டு, சண்டை வரும்போது சத்தத்தைக் குறைத்து வைப்பார்.

சென்ற வாரம் திருமலைச்சாமி போனில், "ஆத்தா, வத்தலக்குண்டுல நீலக்கவசத்துக்கு ரோடு வரைக்கும் வரிசையாம். நம்ம ஹால் காலியாக் கெடந்தா போட்டோ எடுத்துப் போட்டு நாறடிச்சுருவாய்ங்க. வெள்ளிக்கெழம எரிமலையான் அஞ்சாம் பாகத்துக்கு நாப்பது ஆள் வேணும்" என்றார். நாற்பது ஆள் வரும் என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். முருகேஸ்வரி என்பவள், "போன படத்துல செத்தவன் இந்தப் படத்துல எந்திரிச்சு வருவான், பெரியம்மா. அவன் ஒலகத்தக் காப்பாத்தட்டும், எனக்குப் பூண்டு காயப் போடுற சோலி கெடக்கு" என்றாள். மற்றவர்களும் அதே மாதிரிப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை வெள்ளனே வேனில் ஏறியது ஒன்பது பேர்.

தியேட்டர் வாசலில் திருமலைச்சாமி, "மத்தவங்க எங்கத்தா?" என்று கேட்டதற்கு, பின்னால் வேறு வேனில் வருகிறார்கள் என்று பொய் சொன்னேன். அப்போது ரசிகர்மன்றப் பையன்கள் மாலையோடு நின்றிருந்தார்கள். நான் மாடிப்படி ஓரத்தில் குடையை வைக்கப் போனேன். அங்கே பியூஸ் பெட்டி இருந்தது. எங்கள் காட்டு மோட்டாருக்கு நானே பியூஸ் போடுவேன் என்பதால் எனக்குப் பழக்கம். பியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். காட்சி நின்றுபோனால், மீதி ஆட்களை வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அப்படிச் செய்தேன். கரண்ட் நின்றதும் அப்படியே திருமலைச்சாமியிடம் சொல்லவும் செய்தேன். அவர் நம்பினார்.

உள்ளே விளக்கும் எரியவில்லை, படமும் ஓடவில்லை. சுப்புராஜ் போனில் நீலக்கவசம் படம் இருந்ததை ஒரு பையன் பார்த்திருக்கிறான். "அந்தப் பக்கத்து ஆளுடா இவன்! வேணும்னே நிறுத்திட்டான்!" என்று கத்தி, நாலைந்து பேர் சேர்ந்து அவரைப் படியில் இழுத்துப்போட்டு அடித்தார்கள். நான் பத்தடி தள்ளி நின்றேன். மடியில் கட்டை இருந்தது. எங்கள் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்து, கட்டைகளை அரிசிப் பானைக்குள் வைத்தேன். அவற்றை இன்று தங்களிடம் ஒப்படைத்துள்ளேன்.

தியேட்டரில் சுப்புராஜ் மீதே புகார் கொடுத்திருப்பதாக மறுநாள் கேள்விப்பட்டேன். அதன் பிறகும் மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நேற்று ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அவர் வலது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தது. தோலை உரிக்க முடியாமல் இருந்ததால் நான் உரித்துக் கொடுத்தேன். அப்போது அவர், "நீங்க கட்டையப் பிடுங்குனத மேல இருந்து பாத்தேன், ஆத்தா" என்றார்.

"பின்ன ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா உங்கள அடிச்சிருப்பாய்ங்க. ஒங்ககூட ஒம்பது பொம்பளையாளு வேற நின்னாங்க."

அவர் ஆட்களை எண்ணியிருக்கிறார். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திராமல் நேரே போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். நேரமாகிவிட்டதால் இன்று காலை வரச் சொன்னார்கள், வந்தேன்.

சுப்புராஜ் எந்தக் கட்சியும் இல்லை. காட்சியை நிறுத்தியது நான் ஒருத்திதான். என்னோடு வந்த பெண்களுக்கு இது தெரியாது. அவர் பேரைப் புகாரிலிருந்து எடுத்துவிட்டு என் பேரை எழுதவும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதோடு சேர்த்திருந்த சுருக்கத்தில் "எதிர்பார்த்த அளவு ஆட்கள் வரவில்லை" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, "பொன்னுத்தாய் நாற்பது ஆள் என்று சொல்லி ஒன்பது ஆள்தான் கூட்டிவந்தார்" என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள். இப்போது உள்ளபடி எல்லாம் நடந்தது, நடந்ததெல்லாம் இதில் உள்ளது. கைநாட்டு வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுள்ளேன்.

ந. பொன்னுத்தாய்