சுவர் நிழல்

வெள்ளிக் கோளைப் பகலில்தான் வரைய வேண்டும். இருட்டில் கண் கூசும். பகலில் வெளுத்த வானத்தில் சின்னப் பிறையாக அடக்கமாக நிற்கும். புலவாயோ நகரத்தில் எங்கள் தெருவில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் எல்ஃபாஸும்.

தொலைநோக்கி என்னுடையது. ரயில் பட்டறையில் கழித்துப்போட்ட குழாயில் நானே கட்டியது. கொல்லையில் சுவர் நிழலில் நிறுத்துவேன். வெள்ளி சூரியனை ஒட்டியே திரிகிற கோள். குழாய்க்குள் சூரியன் வந்தால் கண் பொசுங்கிவிடும். சுவர் மறைத்தால் பயமில்லை. வரைகிறவன் தலைமேல் கறுப்புப் போர்வை போட்டிருப்பான், அவனுக்கு வெளியே தெரியாது. அதனால் ஒருவன் வரைந்தால் மற்றவன் நிழலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்ஃபாஸ் எனக்கு ஒருநாளும் சொல்லத் தவறியதில்லை.

வெள்ளியில் ஒரு கரும்புள்ளி உண்டு. கண்டுபிடித்தவன் நான். என் படத்தைப் பள்ளிக்கூடத்தில் மாட்டுவதாக வாத்தியாரம்மா சொல்லியிருந்தாள். எல்ஃபாஸ் போய் அவளிடம் ஏதோ பேசினான், அதற்குப் பிறகு மாட்டவில்லை.

என்ன சொன்னாய் என்று கேட்டதற்குச் சிரித்தான். "புள்ளி வெள்ளியில இல்லடா ஜோசியா, உன் கண்ணுல. புரை விழுந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போ."

"நீ வரைஞ்சு காட்டு, பாப்போம்."

"வரைஞ்சுட்டாப் போச்சு. டீ உன் செலவு."

மறுநாள் காலை வந்து வரைந்தான். எட்டிப் பார்த்தேன். மொழுக்கென்று ஒரு பிறை. புள்ளி இல்லை.

"இதை வாத்தியாரம்மாகிட்ட குடுத்துடறேன்" என்றான்.

"இன்னொரு தடவை நல்லாப் பாரு."

மறுபடி போர்வைக்குள் போனான். வெள்ளி நழுவியிருந்தது. குழாயை அங்கேயும் இங்கேயும் தள்ளித் தேடினான். அதற்குள் வெயில் சுவரைத் தாண்டிக் குழாய்மேல் இறங்கிவிட்டது.

"நிழல் இருக்கா?"

"இருக்கு. கொஞ்சம் கீழே தள்ளு."

தள்ளினான்.

என் கவனப்பிசகால் கண் போனது என்று அவன் இன்னும் நம்புகிறான். வேண்டுமென்றே செய்தேன் என்று அவன் மகள் உங்களிடம் வந்து சொன்னதுதான் சரி. நான் கவனமாகத்தான் இருந்தேன். அவனுக்கு இருந்ததும் அந்த ஒரு கண்தான். மற்றது பட்டறையில் இரும்புப் பொறி தெறித்து எப்போதோ போனது. அதுவும் எனக்குத் தெரியும்.

இருந்தாலும் நான் அவனைக் கைவிடவில்லை. தினமும் டீ கொண்டுபோய்க் கொடுத்து, வெள்ளி எப்படியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறேன். புள்ளி பெரிதாகிக்கொண்டே வருகிறது, பாதிப் பிறையை மூடிவிட்டது என்று நேற்றுச் சொன்னேன். டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

பார்த்தீர்களா, இப்போது அவனே புள்ளி இல்லையென்று சொல்வதில்லை.